ஏழு வீட்டுப் பிச்சை

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் உங்கள் மேல் இல்லை.

யாருக்கும் வருஷக் கணக்குத் தெரியாத அந்தக் காலத்தில், மருதங்கோடு என்று ஒரு நாடு. அதற்குத் திடவர்மன் என்று ஒரு ராஜா. முப்பது வருஷம் ஆண்டான். மூன்று சண்டை போட்டான், மூன்று அரண்மனை கட்டினான், மூன்று கல்யாணம் செய்துகொண்டான். எல்லாம் சலித்துப் போயிற்று. ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு எதிலும் பற்றில்லை. துறவு கொள்ளப் போகிறேன்" என்றான்.

நல்ல காரியம்தானே? போக வேண்டியதுதானே? வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினால் எவன் தடுக்கப் போகிறான்? இவன் போகவில்லை. முரசு அறைந்தான். ராஜா எல்லாவற்றையும் விடுகிறார், குடிமக்கள் அத்தனை பேரும் ஆற்றங்கரைக்கு வந்து பார்க்க வேண்டும், வராதவர்களுக்குத் தண்டனை என்று ஊர் ஊராக அறைந்தான். துறவைப் பார்க்க வராவிட்டால் தண்டனையாம்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

காட்டோரம் ஊற்றடி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. ஏழே வீடு. பாறையடியில் கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று உண்டு; அதை நம்பித்தான் ஏழு வீடும். அதில் ஒரு வீட்டுக்காரி ஒச்சாயி. ஆடு மேய்க்கிறவள், கைக்குழந்தைக்காரி. தண்டனைக்குப் பயந்து அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரை நாள் நடந்து ஆற்றங்கரைக்கு வந்தாள்.

துறவு கொள்கிறவன் தனக்குத்தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும். அது அந்தக் காலத்து விதி. அப்பன் பாட்டனுக்கெல்லாம் பிண்டம் வைத்துவிட்டு, கடைசியில் தனக்கும் ஒரு பிண்டம் வைப்பான். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, நான் செத்துவிட்டேன் என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அது. அதற்கப்புறம் அவனுக்கு வீடில்லை, வாசலில்லை, பெண்டாட்டி பிள்ளையில்லை. சொத்து மகனுக்குப் போய்விடும். அவன் வாக்கு எந்தச் சபையிலும் ஏறாது.

திடவர்மனும் அப்படியே செய்தான். தலையை மழித்தான். தனக்குப் பிண்டம் வைத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "இனி எந்த உயிருக்கும் என்னால் பயமில்லை" என்று மூன்று தரம் உரக்கச் சொன்னான். கரையேறிக் காவி கட்டினான். கிரீடம் மகன் குலசேனன் தலைக்குப் போயிற்று. கையில் முத்திரை மோதிரம் மட்டும் கிடந்தது. அதைக் கழற்றுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஒச்சாயி மோதிரத்தையா பார்த்தாள்? அவள் தேம்பித் தேம்பி அழுதாள். "ராசாவே எல்லாத்தையும் விட்டுட்டாரே, நாமெல்லாம் எந்த மூலைக்கு" என்று குழந்தையின் கைகளைக் கூப்பிவைத்துக் கும்பிட்டாள். அன்றைக்கு அழுததை நினைத்துப் பின்னால் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

காவி கட்டிய ராஜாவுக்கு நிர்மோகானந்தர் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஆசையே இல்லாத ஆனந்தம் என்று அர்த்தம். அர்த்தத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தனிமையில் தவம் செய்யப் போகிறேன் என்றார் சாமியார். நாற்பது வேலைக்காரர்கள் கூடவே போனார்கள். ஒரே ஒரு மான்தோல் போதும் என்றார். உறுத்தக் கூடாதே என்று ஏழு மான்தோலை அடுக்கினார்கள். மரக் கமண்டலம் கேட்டார். வெளியே மரம், உள்ளே வெள்ளித் தகடு.

குளிர்ந்த இடமாகத் தேடி, மணியக்காரன் தாண்டவன் ஊற்றடியைக் கண்டுபிடித்தான். தாண்டவன்தான் அந்த ஆசிரமத்துக்கு எல்லாம். அவன் கைகட்டி நின்று சொன்னான்: "சாமி, துறவி ஏழு வீட்டில் பிச்சை எடுத்துச் சாப்பிடணும் என்பது விதி. இங்கே சரியாக ஏழு வீடு இருக்கிறது. ஆனால் இந்த ஜனங்க வீட்டில் கேப்பைக் கூழும் புளிச்ச மோரும் தவிர ஒன்றும் இருக்காதே."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். "நாம் எதையும் விரும்புவதில்லை. பிச்சை சுத்தமாக இருந்தால் போதும். ஆடுகள் கத்தாமல் இருந்தால் போதும். அதிலும் நமக்குப் பற்றில்லை. நீ பார்த்துச் செய்" என்றார். தாண்டவன் ஓலையை நீட்டினான். கண்ணைத் திறக்காமலே முத்திரை குத்தினார்.

மூன்றாம் நாள் காலையில் சேவகர்கள் வந்தார்கள். ஒச்சாயி அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அரண்மனைச் சமையல்காரன் ஒருவன் உள்ளே நுழைந்து, பானையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து, வாசலில் கவிழ்த்தான். மொடா, முறம், பாய், குழந்தையின் தொட்டில் சேலை எல்லாம் தெருவுக்கு வந்தன. ஏழு குடும்பத்தையும் கரட்டு மேட்டுக்கு விரட்டினார்கள். ஏழு வீட்டில் ஏழு சமையல்காரர்கள் குடியேறினார்கள்.

புரிகிறதா உங்களுக்கு? துறவி பிச்சை எடுப்பதற்காக, பிச்சை போடுகிறவர்களை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள்! அடுப்புப் புகை அடங்கி, உலக்கைச் சத்தம் ஓய்ந்த பிறகு சாமியார் கிளம்புவார். தலை குனிந்து, மெல்ல நடந்து, முதல் வீட்டில் நெய்ச் சோறு, இரண்டாம் வீட்டில் பருப்பு, மூன்றாம் வீட்டில் பொரியல் என்று போய், ஏழாம் வீட்டில் பாயசம் வாங்குவார். அந்த ஏழாம் வீடு ஒச்சாயியுடையது. சாப்பிட்டுவிட்டு, "கிடைத்ததை உண்டோம்" என்பார். கிடைத்ததாம்! எனக்கு வாயில் வேறு வார்த்தை வருகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று விழுங்கிக்கொள்கிறேன்.

கரட்டு மேட்டில் பாறை உண்டு, முள் உண்டு, தண்ணீர் கிடையாது. ஊற்றில் காவல் போட்டுவிட்டார்கள். அரைக் காதம் நடந்தால் ஒரு குட்டை. சேறும் சகதியுமாக ஒரு குடம் கிடைக்கும். சித்திரை வெயிலோ மண்டையைப் பிளந்தது. ஒச்சாயியின் புருஷன் ஆடுகளையாவது காப்பாற்றலாம் என்று மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நடந்து நடந்து ஒச்சாயிக்குப் பால் வற்றியது. குழந்தை முதலில் வீறிட்டு அழுதது, அப்புறம் முனகியது, அப்புறம் அழுவதற்கும் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்தது. தோளில் அந்தக் கனம் குறைந்துகொண்டே வருவது அவளுக்குத் தெரிந்தது.

முதல் தரம் அவள் மணியக்காரனிடம் போனாள்.

"ஐயா, வீட்டை நீங்களே வச்சுக்கங்க. ஊத்துல ஒரு குடம் தண்ணி மட்டும் மொண்டுக்க விடுங்க. பச்சப்புள்ள சாகுது."

"சாமி ஸ்நானம் பண்ணுற தண்ணியில நீ குடத்தை முக்குவியா? போ போ. சாமிக்கு இந்த வீடு, தண்ணி எதுவும் தெரியாது. அவரு முற்றும் துறந்தவரு" என்றான் தாண்டவன்.

தெரியாதா, அப்படியானால் தெரிய வைக்கிறேன் என்று இரண்டாம் தரம் அவள் சாமியாரிடமே போனாள். புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பிச்சை நேரம். சாமியார் அவள் வீட்டு வாசலில், அவள் சாணி மெழுகிய தரையில் நின்று திருவோட்டை ஏந்தினார். சமையல்காரன் பாயசம் ஊற்றினான். முந்திரியும் திராட்சையும் விழுந்தன. ஒச்சாயி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"சாமி, இது என் வீடு. என்னைத் துரத்திட்டாங்க. குடிக்கத் தண்ணியில்ல. புள்ளையப் பாருங்க சாமி, கண்ணைத் தொறக்க மாட்டேங்குது."

சாமியாருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட மனுஷன் என்று சொல்லலாம். அவர் சிரித்தார்.

"வீடு யாருடையது, அம்மா? தண்ணீர் யாருடையது? எனது, எனது என்கிறாயே, அதுதான் துக்கம். பற்றை விடு. நாம் ஒரு நாட்டையே விட்டோமே, நீ ஒரு குடிசையை விடக் கூடாதா? இந்தக் குழந்தை என்னுடையது என்பதும் பற்றுதான். அதையும் விடு."

ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏதாவது சொன்னால் அந்த ஓட்டைப் பிடுங்கி அவர் மண்டையில் உடைத்துவிடுவோம் என்று அவளுக்கே பயமாயிருந்தது. சேவகர்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில், வாசல் தூணில் கட்டித் தொங்கிய உத்தரவு ஓலையை ஒரே பிடியாகப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"அவரு விடலை. நம்மளைத்தான் விடச் சொல்றாரு" என்று கரடு ஏறுகிற வரைக்கும் புலம்பிக்கொண்டே போனாள்.

மேலே போனால், மூன்றாம் வீட்டில் தனியாக இருந்த வேடிக் கிழவர் பாறை நிழலில் கிடந்தார். "தண்ணி" என்றார். பானையில் சேறுதான் இருந்தது. ஒச்சாயி அதைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். இரண்டு சொட்டு உதட்டில் விழுந்தது, மூன்றாவது சொட்டு விழும்போது கிழவர் இல்லை. ஊற்றங்கரையில் பிறந்து எழுபது வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்த மனுஷர். அவரைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லாமல் புதைத்தார்கள்.

மண் தள்ளிய கையோடு ஒச்சாயி மூன்றாம் தரம் கிளம்பினாள். இந்தத் தடவை தலைநகருக்கு. புது ராஜா குலசேனன் குடிகளின் குறை கேட்கும் நாள் அது. வழியில் இருந்த சாவடியில் யாரோ ஒரு புண்ணியவதி குழந்தைக்கு ஒரு சங்கு பால் புகட்டினாள். அது குழந்தையின் உயிரைப் பிடித்து நிறுத்தியது.

"மகாராசா, நான் ஊத்தடிக்காரி. வீட்டைப் பிடுங்கிட்டாங்க, தண்ணியைப் பிடுங்கிட்டாங்க. ஒரு உசுரு போயிருச்சு. அடுத்தது என் மக" என்றாள் ஒச்சாயி.

குலசேனனுக்கு விஷயம் தெரியும். அப்பாவுக்குப் பயம். பார்வையைத் திருப்பிக்கொண்டு, "அது என் தந்தையின் உத்தரவு. அதை நான் மாற்ற முடியாது" என்றான்.

"உங்க அப்பா உசுரோடதான இருக்காரு? அப்புறம் நீங்க எப்படி அவரு இடத்துல உக்காந்திருக்கீங்க?"

சபை அதிர்ந்துபோயிற்று. ராஜபுரோகிதர் எழுந்து கையை ஓங்கினார். "தெரியாமல் பேசாதே, பெண்ணே. பெரியவர் தமக்குத் தாமே கருமம் முடித்துவிட்டார். உலகத்துக்கு அவர் இறந்தவர். அதனால்தான் மகன் பட்டமேறினார்."

"நானும் பார்த்தேன் சாமி. புள்ளையோட நின்னு பைத்தியக்காரி மாதிரி அழுதேன்" என்றாள் ஒச்சாயி. மடியிலிருந்து ஓலையை எடுத்தாள். "இந்தாங்க. இது எப்போ எழுதினது? அந்த முத்திரை யாரோடது?"

புரோகிதர் வாங்கிப் பார்த்தார். திதியும் நாளும் எழுதியிருந்தன. கருமாதி முடிந்து பதின்மூன்றாம் நாள். முத்திரை திடவர்மனுடையது.

"செத்தவரு எப்படி முத்திரை குத்துவாரு? இந்த ஓலை செல்லும்னா அவரு சாகலை. அவரு சாகலைன்னா நீங்க இருக்கிறது அவரு இடம், எறங்கி வாங்க. அவரு செத்தவருன்னா இந்த ஓலை செல்லாது, எங்க வீட்டையும் தண்ணியையும் குடுங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க மகாராசா. எனக்கு நிக்க நேரமில்ல."

குலசேனன் விருட்டென்று எழுந்தான். நியாயத்துக்காக எழுந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சிம்மாசனம் ஆடுகிறதே என்று எழுந்தான். எதற்காக எழுந்தால் என்ன, எழுந்தான். புரோகிதரையும் சபையையும் ஒச்சாயியையும் கூட்டிக்கொண்டு ஊற்றடிக்குப் போனான்.

அங்கே பிச்சை நேரம். சாமியார் ஏழாம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கரட்டு மேட்டிலிருந்து மற்றவர்களும் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

"சுவாமி, அந்த முத்திரை மோதிரத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்றான் மகன்.

சாமியார் புன்னகை செய்தார். "மோதிரமா? அது கையில் இருப்பதே நமக்கு நினைவில்லை. நமக்கு அதில் பற்றில்லை."

"அப்போ கழட்டுங்க" என்றாள் ஒச்சாயி.

"விரல் வீங்கியிருக்கிறது. பிறகு பார்ப்போம்."

"பூந்திக்கொட்டையும் தண்ணியும் போட்டா வழுக்கிக்கிட்டு வரும். ஊத்து பக்கத்துலதான் இருக்கு. கழட்டுங்க."

சாமியாரின் முகம் சிவந்தது. மோதிரம் இருந்த கை தானாக மூடிக்கொண்டது.

"மூணாவது தடவை சொல்றேன். கழட்டுங்க."

அவ்வளவுதான். ஓடு தரையில் விழுந்து உடைந்தது. "நாயே! யாரிடம் பேசுகிறாய்?" என்று கத்தினார் நிர்மோகானந்தர். "இந்த நாடு என்னுடையது! இந்தக் காடும் தண்ணீரும் என்னுடையது! இவன் உட்கார்ந்திருக்கிற சிம்மாசனம் என்னுடையது! நான் போட்ட பிச்சை அது, நினைத்தால் பிடுங்குவேன்! நான் செத்துவிட்டேன் என்று எவனடா சொன்னது?"

காடு கேட்டது, சபை கேட்டது, ஊற்றடி கேட்டது.

"நீதான் சொன்ன" என்றாள் ஒச்சாயி. மரியாதையெல்லாம் அவளிடமிருந்து எப்போதோ போய்விட்டது. "ஆத்துல நின்னு சொன்ன. எந்த உசுருக்கும் பயமில்லைன்னு மூணு தடவை சொன்ன. நாங்க நம்பினோம். வேடிப் பெரியப்பாவும் நம்பி வந்து உன்னைக் கும்பிட்டாரு. அவருக்குச் சேத்துத் தண்ணியப் புழிஞ்சு குடுத்து, அவரைப் புதைச்சிட்டு வந்திருக்கேன். இத்தனை நாளும் நீ எதை விட்ட, சொல்லு? ஒண்ணை விட்டிருந்தா, அந்த ஒண்ணு என்னன்னு சொல்லு!"

சொல்வதற்கு ஒன்றாவது இருக்க வேண்டுமே.

புரோகிதர் தலையைக் குனிந்துகொண்டு விதியைச் சொன்னார். துறவு ஏறிவிட்டு இறங்கி வருகிறவனுக்கு வீட்டிலும் இடமில்லை, மடத்திலும் இடமில்லை. அவன் ராஜாவும் இல்லை, சாமியாரும் இல்லை. குலசேனன் அப்பாவின் விரலைப் பிரித்து மோதிரத்தை உருவினான். கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், பிடுங்கினார்கள். சபை திரும்பிப் போயிற்று. நாற்பது வேலைக்காரர்களும் ஏழு சமையல்காரர்களும் ஏழு மான்தோலைச் சுருட்டிக்கொண்டு கூடவே போனார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் தாண்டவன்.

அன்றைக்கே மிஞ்சிய ஆறு குடும்பமும் வீடு திரும்பின. ஒச்சாயி நேரே ஊற்றுக்குப் போனாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். குழந்தையின் நெற்றியிலும் வயிற்றிலும் தண்ணீரைத் தெளித்தாள். சில நாளில் பால் சுரந்தது. புருஷனும் மிஞ்சிய ஆடுகளோடு வந்து சேர்ந்தான்.

திடவர்மன் எங்கும் போகவில்லை. போக இடமில்லை. ஊற்றுக்கு மேலே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் பார்த்தான், யாரும் வரவில்லை. இரண்டு நாள் பார்த்தான், யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் வயிறு குடைந்தெடுக்க, எழுந்து தள்ளாடித் தள்ளாடி இறங்கி வந்தான்.

முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் வீட்டில் நாய் குரைத்தது, யாரும் அதட்டவில்லை. மூன்றாம் வீடு வேடிக் கிழவருடையது, அது பூட்டிக் கிடந்தது. நான்கு, ஐந்து, ஆறு, எங்கும் ஒரு பருக்கை விழவில்லை. ஏழாம் வீட்டு வாசலுக்கு வந்தபோது, பிச்சை கேட்கிற வடமொழி வாசகம் அவனுக்கு வாயில் வரவில்லை.

"பசிக்குது" என்றான்.

ஒச்சாயி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அவள் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களா? நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் உள்ளே போனாள். ஒரு கலயம் நிறையக் கேப்பைக் கூழ் கரைத்து, ஒரு வெங்காயத்தையும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாமின்னு குடுக்கல. ராசான்னும் குடுக்கல. வயிறு காஞ்சவன் வாசல்ல நின்னா குடுக்கணும், அதுக்காகக் குடுக்கிறேன்."

அவன் நின்றபடியே குடித்தான். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். குடிக்கக் குடிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கூழில் விழுந்தது. குடித்து முடித்ததும், பழக்க தோஷம், ஆசீர்வாதம் செய்ய வலது கையைத் தூக்கினான்.

"கையைக் கீழ எறக்கு" என்றாள் ஒச்சாயி. "உன் ஆசீர்வாதம் என் புள்ளைக்கு வேண்டாம். ஊத்துல போயி அந்தக் கலயத்தைக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போ."

தூக்கிய கை இறங்கியது. அறுபது வயசில், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அவன் தான் உண்ட பாத்திரத்தைத் தானே கழுவினான். கழுவத் தெரியவில்லை. ஓரத்தில் கூழ் ஒட்டியிருந்தது. ஒச்சாயி பார்த்துவிட்டு, "மறுபடி கழுவு" என்றாள். மறுபடி கழுவினான்.

கேட்டீர்களா, இந்தக் கதையின் நீதி இதுதான்: தன்னிடம் இருப்பதைத் தான் விடுவதுதான் துறவு, அடுத்தவனிடம் இருப்பதை விடச் சொல்வது காவி கட்டிய கொள்ளை.